மேக்கால நீ கொட்டு, கெழக்கால நான் எறைக்கிறேன்

வா கண்ணு, வா. எக்ஸெல் வண்டி என்ன இப்படி முக்கிக்கிட்டு வருது? மூணு மூட்டை யூரியாவா? அட, ஒரு நாலாப் போட்டுக்கிட்டு வந்திருக்கப்படாதா. அஞ்சுன்னாலும் எனக்கு வருத்தமில்லை. வண்டியை அந்த வேப்பமரத்தடியில நிறுத்திப்போட்டு வந்து இப்படித் திண்ணையில உக்காரு. மோர் இருக்குது, சின்ன வெங்காயம் ரெண்டு கடிச்சுக்க.

என்ன சொல்றே? மழைக்கு முந்தி வீசிப்போடோணுமா? வீசு, வீசு. ஐப்பசி மழை கொட்டப் போகுது, மானம் தெக்கால கருத்துக்கிட்டு நிக்குது. இதைவிட நல்ல நேரம் உனக்கு வாய்க்காது. எனக்கும் வாய்க்காதுன்னு வெச்சுக்கயேன். அது எப்படின்னு பொறகு சொல்றேன்.

உங்க அப்பாருக்கும் எனக்கும் பாகம் பிரிச்ச கதை தெரியுமா உனக்கு? மேட்டுக்காடு மூத்தவரான அவருக்கு, பள்ளத்துக்காடு இளையவனான எனக்கு. ஊரே எனக்காகப் பரிதாபப்பட்டுச்சு. சின்னவனைப் பள்ளத்துல தள்ளிட்டாங்கன்னு உங்க பெரியாத்தா கண்ணுல தண்ணி விட்டுச்சு. நானும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டேதான் கையெழுத்துப் போட்டேன். மேட்டுல இருக்கறது பூராவும் ஒரு நாள் பள்ளத்துக்குத்தான் வந்து சேரும்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். ஆனா உன்ற யூரியாவும் வருமுன்னு சத்தியமா நெனைக்கலை.

நீ பெங்களூருல இருந்து வந்த மொத வருசம், நேப்பியர் புல்லு போடறதுக்குன்னு, மாடு மேஞ்ச அந்தக் கொறங்காட்டுக்குள்ள ஜேசிபியை உட்டியே, ஞாபகம் இருக்குதா? நாலு ஏக்கர். சுத்தி கிளுவை வேலி, உள்ள இருபது முப்பது வெள்வேல மரம், அடியில கொழுக்கட்டைப் புல்லு. காங்கேயத்து மாடு அப்படியெல்லாம் வளந்தது அந்தப் புல்லைத் தின்னுதான். ஒரு மூட்டை உரம் அந்தக் காடு பாத்ததில்லை. எப்படிப் பொழைச்சுதுன்னு நீ கேக்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. ஜேசிபி ஓடறப்போ யாருக்குக் காது கேக்கும்?

இப்பக் கேளு. காத்துல நூத்துக்கு 78 பங்கு தழைச்சத்துதான். உன்ற தலைக்கு மேல, என்ற மொட்டைத் தலைக்கு மேல, எங்க பாத்தாலும் அதுதான். ஆனா ரெண்டு ரெண்டாக் கையைக் கோத்துக்கிட்டு நிக்குமாம், எந்தப் புல்லுக்கும் வளைஞ்சு குடுக்காது. புல்லோட புல்லா ஒரு பொடிக்கொடி படந்து கெடக்குமே, நரிப்பயறு? மழைக்குப் பொறகு அதைப் பதனமாப் பிடுங்கிப் பாரு. வேருல கடுகாட்டம் முடிச்சு இருக்கும். நகத்துல நசுக்குனீன்னா உள்ள ரத்தம் கலந்தாப்பல செவப்பா இருக்கும். செவப்பா இருந்தா உள்ள இருக்கற கிருமி வேலை செய்யுதுன்னு அர்த்தம். காத்துல நிக்கறவனைக் கையைப் பிரிச்சு மண்ணுக்குள்ள இழுத்துட்டு வர்றது அதுதான். கூலி? செடி குடுக்கற கொஞ்சம் சர்க்கரை. மூட்டை 266 ரூபா 50 காசு எல்லாம் அதுகிட்டக் கெடையாது.

நீ அந்த நரிப்பயத்தைக் களைன்னு சொல்லி மருந்தடிச்சே. நல்லா அடிச்சே. ஒண்ணு மிஞ்சலை.

இதையெல்லாம் எனக்கு யாரு சொன்னதுன்னு பாக்கறயா? என்ற மகள் பொண்ணு கோயமுத்தூருல வேளாண்மைக்குப் படிக்கிறாளே, அவதான். லீவுக்கு வந்தா என்ற கூடத்தான் காட்டுல சுத்துவா. அவ சொல்ற ஆஸ்திரேலியாக் கதை ஒண்ணு இருக்குது. குயின்ஸ்லாந்துல பிரிகலோன்னு ஒரு மரம், நம்ம வேல மரத்துச் சாதி. அந்தக் காட்டை மூணு பங்காப் பிரிச்சு, 1965-ல இருந்து எந்தப் பங்குல மழைத்தண்ணி எவ்வளவு ஓடுதுன்னு அளந்துக்கிட்டே இருக்காங்களாம். நம்ம ஊரு மூணு பங்குன்னா கோர்ட்டுலதான் அளப்பாங்க. 1982-ல ரெண்டு பங்கை வெட்டி எரிச்சு, ஒண்ணுல வெள்ளாமை, இன்னொண்ணுல புல்லு. என்ன புல்லுங்கறே? நம்ம கொழுக்கட்டைப் புல்லேதான், கடல் தாண்டிப் போயிருக்குது. காடா இருந்தப்போ பெஞ்ச மழையில நூத்துக்கு அஞ்சு பங்கு ஓடுனது, வெட்டுன பொறகு பத்தாச்சு. ஓடற தண்ணி வெறுங்கையோட ஓடுமா? மொதல்ல புல்லு ஆள் மறையற மாதிரி வந்துச்சாம், போகப்போக வருசா வருசம் எறங்கிப் போச்சாம். தழைச்சத்து மக்காத வேருக்குள்ளயும் சருகுக்குள்ளயும் போய் முடங்கிக்கிச்சு. இருந்தும் கைக்கு வராது, பங்காளி வீட்டுப் பத்திரமாட்ட.

உன்ற காட்டுல முடங்கற பேச்சே கெடையாது. அங்க எல்லாம் ஓட்டந்தான். அது எப்படி ஓடுதுன்னு பாரு, சிரிப்பு வரும்.

நீ வீசற யூரியா மண்ணுல ஈரம் பட்டதும் ரெண்டு நாள், மூணு நாள்ல அம்மோனியா ஆயிரும். காத்தால கட்டுத்தரைக்குள்ள போறப்போ மூக்கைச் சுளிச்சுக்கிட்டு ‘உவ்வே’ங்கறயே, அதே நாத்தம்தான். மேலாப்புல கெடந்தா அப்படியே காத்தோட போயிரும். மண்ணுக்குள்ள எறங்கிட்டா களிமண்ணு அதைப் பிடிச்சு வெச்சுக்கும், புது மருமகளை மாமியா பிடிச்சு வெச்சுக்கற மாதிரி. ஆனா உன்ற காடு செஞ்சரளை, ஓடக்கல்லு. பிடிச்சு வெக்க அங்க மாமியாளே இல்லை. கொஞ்ச நஞ்சம் பிடிச்சதையும் மண்ணுல இருக்கற ரெண்டு வகைக் கிருமி, ஒண்ணு மாத்தி ஒண்ணு, நைட்ரேட்டா மாத்திப்போடும். நைட்ரேட்டுக்குக் களிமண்ணோட ஒட்டே கெடையாது. தண்ணி எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டுக் கெளம்பிரும்.

அதுக்குத்தான் சர்க்காரு 2015-ல இருந்து யூரியா பூராவுக்கும் வேப்பெண்ணெய் பூசி அனுப்புது, அந்தக் கிருமி கொஞ்ச நாள் மந்தமாக் கெடக்கட்டும்னு. 2018-ல 50 கிலோ மூட்டையை 45 ஆக்குனதும் சும்மாவா? நம்மாளு கிலோக் கணக்கா பாக்கறான், மூட்டைக் கணக்குத்தானே! மூட்டையைச் சின்னதாக்குனா உரம் கொறையும்னு எவனோ புத்திசாலி ரோசனை பண்ணியிருக்கான். நீ அதைவிடப் புத்திசாலி, ரெண்டு மூட்டை போட்ட எடத்துல மூணு போடறே.

இந்த வேப்பெண்ணெய் வித்தையை ஒரு புல்லே செய்யுதாம் கண்ணு. ஆப்பிரிக்காவுல பொறந்து தென்னமெரிக்காவுக்கு வாக்கப்பட்டுப் போன பிராக்கியாரியாப் புல்லு. அதுல ஒரு ரகம் வேருல இருந்து ஒரு பொருளைக் கசியவிட்டு அந்தக் கிருமியைத் தூங்க வெச்சிருது. சுப்பாராவ்னு ஒரு விஞ்ஞானி, ஜப்பான்ல இருந்துக்கிட்டு, கொலம்பியாவுல காலிங்கற ஊருக்குப் பக்கத்துல இருக்கற ஆய்வு மையத்தோட சேந்து 2009-ல அதைக் காட்டியிருக்காரு. தன்ற சோத்தைத் தண்ணி அடிச்சுக்கிட்டுப் போகக்கூடாதுன்னு ஒரு புல்லுக்கு ரோசனை இருக்குது பாரு. நீ மூஞ்சியை ஏன் அக்கட்டால திருப்பிக்கறே? நான் புல்லைப் பத்தித்தானே பேசறேன்.

மழைக்கு வருவோம். நாலு மாசம் காஞ்ச மண்ணுல மொத மழை விழுந்தா ஒரு வாசம் வருமே, அன்னிக்கு மண்ணுக்குள்ள பெரிய விருந்து நடக்குதாம். வெயில்ல செத்த கிருமி, காஞ்ச சருகு எல்லாத்தையும் பொழைச்ச கிருமிக தின்னு, தழைச்சத்தை ஒரே வீச்சுல வெளிய தள்ளுது. கென்யாவுல முகுகாங்கற எடத்துல பிர்ச்சுன்னு ஒரு வெள்ளைக்காரரு 1950-கள்ல இதை மண்ணைக் காய வெச்சு, நனைச்சு, காய வெச்சு, நனைச்சுக் கண்டுபிடிச்சு எழுதியிருக்காரு. அவரு பேருலயே சொல்றாங்களாம். எங்க அப்பன் எழுதலை. மொத மழைக்கு விதைச்சவன் வெள்ளாமை தனியாத் தெரியும்னு மட்டும் சொல்லுவாரு. ஆக, மழை வந்தா மண்ணே உனக்கு ஒரு படி அளந்து போடுது. புல்லு வேரு அப்பத்தான் கண்ணு முழிக்குது, அந்த ஒரு படியையே அதால திங்க முடியலை. அது மேல நீ மூணு மூட்டையைக் கொட்டறே. கல்யாண வீட்டுல எலை எடுத்த பொறகு சோறு போடற மாதிரி.

உன்ற மாட்டுக்கணக்கையும் பாத்துருவோம். பன்னெண்டு கறவை நிக்குதா? ஒரு மாடு பத்து லிட்டர் கறந்தா பால்ல போற தழைச்சத்து ஒரு 50 கிராம். தீவனத்துல தின்னதுல ஏறக்கொறைய நாலுல ஒரு பங்குதான் அது. மிச்சம் மூணு பங்கு வாலுக்கடியிலதான் வருது, பாதிக்கு மேல மூத்திரத்துல. மூத்திரத்துல இருக்கறது என்னங்கறே? யூரியா! சாட்சாத் யூரியா. 1828-ல வோலர்னு ஒரு ஜெர்மன்காரரு மாடே இல்லாம அதைப் பண்ணிக் காட்டினாருன்னு உலகமே வாயைப் பொளந்துச்சாம். உனக்குப் பன்னெண்டு மாடு நின்னு பண்ணித் தருது. நீ அதைச் சிமெண்டுத் தரை போட்டு, குழாய் வெச்சுக் கழுவி, நேராப் பள்ளத்துல உட்டுப்போட்டு, எக்ஸெல் வண்டியில காசு குடுத்து யூரியா வாங்கப் போறே. எனக்குப் படிப்பு அஞ்சாவதோட நின்னுபோச்சு, இந்தக் கணக்கு வெளங்க மாட்டேங்குது.

காட்டுல மேஞ்ச மாடும் மூத்திரம் பெஞ்சுதுதான். மழைக்குப் பொறகு கொறங்காட்டுல நடந்து பாத்தா, அங்கங்க ஒரு மொறம் அளவுக்குக் கருகருன்னு புல்லு நிக்கும். அங்கதான் மாடு நின்னு பெஞ்சிருக்கும். நியூசிலாந்தாட்டம் புல்லு கொழுத்த நாட்டுல அந்த மொறம் அளவு எடத்தை அளந்து பாத்திருக்காங்க. ஏக்கர் கணக்குக்குக் கொண்டுவந்தா சாதாரணமா 200 கிலோ தழைச்சத்து தேறும், 400 வரைக்கும் போகும். 200 கிலோன்னாலே உன்ற மூட்டைக்குப் பத்து மூட்டை, ஒரு ஏக்கருக்கு! எந்தப் புல்லும் அவ்வளவு திங்காது, மிச்சம் கீழ எறங்கத்தான் செய்யும். நம்ம காட்டு மாடு தின்னது காஞ்ச புல்லு, அதுல அவ்வளவு சத்தும் இல்லை, நாளுக்கு எட்டுப் பத்து எடத்துல பிரிச்சுப் பெய்யும். இந்த மாசம் இந்தக் காடு, அடுத்த மாசம் அந்தக் காடுன்னு மாத்தி அடைப்போம். மேல் காட்டுல அடைச்ச மாடு கீழ் காட்டுக் கெணத்தைக் கெடுக்கலை. உன்ற பன்னெண்டும் ஒரே எடத்துல நின்னு, ஒரே சாக்கடையில உடுது.

நைட்ரேட்டு எந்த வழியாப் போகுமுன்னு தெரியோணுமா? எந்திரி, கெணத்துகிட்ட வா. மோர் டம்ளரை அங்க வெச்சுப்போடு.

எட்டிப் பாரு. பாத்து, வழுக்கும். மேல்வழி உனக்கே தெரியும். மாடு மிதிச்சு இறுகுன தரையில தண்ணி உள்ள எறங்காம சாணி, சருகோட பள்ளத்துக்கு ஓடிரும். அந்தப் பள்ளத்துல தண்ணி தேங்கி, மண்ணு மூச்சு முட்டிக் கெடந்தா, அங்க வேறொரு வகைக் கிருமி நைட்ரேட்டைப் பிடிச்சு மறுபடியும் காத்தாக்கி உட்டுரும். அதுல கொஞ்சம் பூமிக்குச் சூடு ஏத்தற காத்துன்னு பேத்தி தலையில அடிச்சுக்கறா. ஆனா அந்தச் செவுத்தைப் பாரு, மேக்காலச் செவுரு. பன்னெண்டு அடிக்குக் கீழ சரளை முடிஞ்சு பாறை தொடங்குதே, அந்த ரெண்டுக்கும் நடுவால ஈரமா ஒரு கோடு ஓடுதே? அதுல மூணு எடத்துல ஊத்து சொட்டுது பாரு. நேராக் கீழ எறங்குன தண்ணி பாறை மேல மோதி, சாய்வைப் பாத்துப் பக்கவாட்டுல நடந்து வருது. எங்கிருந்து? மேக்கால என்ன இருக்குது?

ஆமாஞ் சாமி. உன்ற நேப்பியர் காடு.

போன மாசி மாசம் பேத்தி இந்தத் தண்ணியை பாட்டில்ல பிடிச்சுக்கிட்டுப் போய்ப் பரிசோதனை பண்ணிட்டு வந்தா. குடிக்கற தண்ணியில லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டு வரைக்கும்தான் இருக்கலாம்னு நம்ம நாட்டுல வெச்சிருக்காங்க. நம்ம கெணறு அதைத் தாண்டி நின்னுச்சு. இதுல மட்டும் வெளையாட்டு வேண்டாம் கண்ணு. கைக்கொழந்தைக்கு இந்தத் தண்ணியில பால்மாவு கலக்கிக் குடுத்தா ரத்தம் காத்தைச் சொமக்காம, ஒதடும் நகமும் நீலம் பாஞ்சிரும். 1945-லயே அமெரிக்காவுல அயோவாங்கற சீமையில காம்லிங்கற டாக்டரு, கெணத்துத் தண்ணியாலதான் இது வருதுன்னு எழுதி வெச்சிட்டாரு. கொதிக்க வெச்சாப் போயிருமுன்னு உங்க ஆத்தா சொல்லும். போகாது. கிருமிதான் சாகும், தண்ணி வத்த வத்த இது இன்னும் கூடத்தான் செய்யும். உன்ற சம்சாரம் மாசமா இருக்குதுல்ல? நாளையில இருந்து குடிக்கறதுக்கு ஆத்துத்தண்ணிக் குழாயில பிடிச்சுக்கச் சொல்லு. மாட்டையும் பாத்துக்க. மானம் பாத்து வாடிக் கெடந்த புல்லு, உரம் தின்னு, மழையில தளதளன்னு வந்த உடனே அறுத்து வெறும் வயித்துக்குப் போட்டா, மாட்டுக்கும் இதே கதிதான். ரத்தம் காப்பிக் கலருக்குப் போயிரும்.

சரி, முகத்தை இப்படி வெச்சுக்காத. வெவகாரத்துல எனக்கு வந்த லாபத்தையும் சொல்லிப்போடறேன், மனசுல வெச்சுக்கிட்டா செரிக்காது.

45 மில்லிகிராம் நைட்ரேட்டுன்னா அதுக்குள்ள தழைச்சத்து மட்டும் 10 மில்லிகிராம். ஒரு ஏக்கருக்கு ரெண்டு அங்குலம் தண்ணி கட்டுனா ரெண்டு லட்சம் லிட்டர். ஆக ஒரு தண்ணிக்கு ரெண்டு கிலோ தழைச்சத்து. என்ற மக்காச்சோளத்துக்கு வெதைச்சதுல இருந்து அறுக்கற வரைக்கும் பத்துத் தண்ணி. ரெண்டு பத்து இருவது. உன்ற மூட்டையில நூத்துக்கு 46 பங்குன்னா, 45 கிலோவுக்கு 20 கிலோ 700 கிராம். பெருக்கிப் பாத்தியா? ஏக்கருக்கு ஒரு மூட்டை, அப்பப்ப சொட்டுச் சொட்டா, வேருக்கு எப்ப வேணுமோ அப்ப, எறக்கற கூலி இல்லாம, வீசற கூலி இல்லாம வந்து எறங்குது. நான் மூணு வருசமா மக்காச்சோளத்துக்கு யூரியா வாங்கலை. ஊருக்குள்ள ‘பெரியவரு இயற்கை வெவசாயம் பண்றாரு’ன்னு பேரு வேற. போன நோம்பிக்கு மாலையே போட்டாங்க.

அதுனாலதான் கண்ணு, நீ மூணு மூட்டையோட நிறுத்துனதுல எனக்குக் கொஞ்சம் வெசனம்.

ஒருவேளை யாராவது உன்கிட்ட வந்து, ஒரு அறுப்புக்குக் கொஞ்சமாப் பிரிச்சுப் போடு, அறுத்த மறுநாளு போட்டு லேசா ஒரு தண்ணி காட்டு, கொட்டற மழைக்கு முன்னால மூட்டையைப் பிரிக்காதன்னு சொல்லுவாங்க. கேக்காத. கட்டுத்தரை கழுவுன தண்ணியை நேப்பியருக்குப் பாய்ச்சுனா மூட்டையே பாதி வேண்டாம்னு சொல்லுவாங்க. அதையும் கேக்காத. நேப்பியருக்கு ஊடால வேலிமசால் ரெண்டு வரிசை வை, வரப்போரம் மறுபடியும் கொழுக்கட்டைப் புல்லும் நரிப்பயறும் உடு, அந்த வேரு எறங்கி ஓடற நைட்ரேட்டை வழியிலயே மறிச்சுத் தின்னுரும்னு பேத்தி நாளைக்கு உன்ற வீட்டுக்கே வந்து சொல்லப்போறா. நரிப்பயத்து வெதை வேற ஒரு படி வெச்சிருக்கா. நான் தடுத்துப் பாத்தேன், கேக்க மாட்டேங்கறா. அவ பேச்சைக் கேட்டீன்னா என்ற மக்காச்சோளத்துக்கு நான் எங்க போறது? எழுபத்தெட்டு வயசுல கடைக்கு முன்னால வரிசையில நிக்கச் சொல்றயா?

போறயா? மூட்டையை வண்டியில இருந்து எறக்காமயே போறயே, மழை வந்துரும்டா. சரி, சரி, கூடத்துலயே வெச்சுக்க. போறப்போ அந்த மோட்டாரு சுவிச்சைப் போட்டுட்டுப் போ கண்ணு. மூணுமுனைக் கரண்டு வர்ற நேரம், மக்காச்சோளம் வாடிக் கெடக்குது.